நாற்பது வேலைகளில் ஒரு ஷெட்

வேலை எப்போது முடியும் என்று எல்லோரும் நம்மைக் கேட்பதற்கும், அது நமக்குத் தெரியாது என்பதை நாம் கட்டம் போட்டு அச்சடித்துக் காட்டுவதற்கும் சேர்த்துத்தான் பிளானிங் என்று பெயர்.

இந்தப் பிழைப்பில் இருப்பவர்கள், இருந்து தப்பித்தவர்கள், ‘நீதான் கம்ப்யூட்டர் படிச்சவளாச்சே’ என்று ஒரு நாள் காலையில் இதற்குள் தள்ளிவிடப்பட்டவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள் மாதிரி. நான் மூன்றாவது ரகம். தொண்ணூறுகளின் நடுவில், துடியலூரில் பம்புக்கு இரும்பு வார்ப்படம் செய்யும் பவுண்டரி ஒன்றில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். மெக்கானிக்கல் டிப்ளமோ, கூட ஆறு மாதக் கம்ப்யூட்டர் சான்றிதழ். பவுண்டரி நடந்தது வாடகை ஷெட்டில். இடத்துக்காரர் அதைக் கல்யாண மண்டபம் ஆக்கப் போவதாகச் சொல்லி, பங்குனி கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். எங்கள் முதலாளி வரதராஜுலு சூலூரில் இடம் வாங்கிப் புது ஷெட் கட்டத் தீர்மானித்தார். கையில் ஐந்து மாதம். அதற்குள் புது ஷெட்டில் உலை எரியாவிட்டால் மணலில் வார்ப்பு அச்சுப் பிடிக்கும் முப்பத்தாறு மோல்டர்களும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

எந்த வேலைக்குப் பின்னால் எந்த வேலை என்று பார்த்துக்கொள்ள ஒரு சாஃப்ட்வேர் வாங்கு, விலை மட்டும் கட்டுப்படியாக வேண்டும் என்று முதலாளி என்னிடம் சொன்னார். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. ‘சரிங்க’ என்று சொல்லிவிட்டேன்.

கிலோ என்ன விலை

முதலில் வந்தவர் டை கட்டியிருந்தார். அவர் விற்றது வெளிநாட்டுச் சரக்கு. அவர் சொன்ன விலைக்கு நல்ல லேத் மிஷினே வாங்கலாம். முதலாளி சாஃப்ட்வேர் பெட்டியைக் கையில் வாங்கி மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் இரும்பு வாங்கி இரும்பு விற்றவர். எதையும் கையில் தூக்கிப் பார்க்காமல் விலை பேச மாட்டார்.

பெட்டிக்குள் ஆறு பிளாப்பியும் ஒரு தடிமனான புத்தகமும் இருந்தன. புத்தகத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, பிளாப்பிகளை மட்டும் என்னிடம் கொடுத்து ஸ்டோர் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். நூற்றுப் பத்து கிராம் இருந்தது. வந்து சொன்னேன். டை கட்டியவர் பொறுமையான மனிதர். இதன் மதிப்பு எடையில் இல்லை, உள்ளே இருக்கும் அறிவில் இருக்கிறது என்று கால் மணி நேரம் விளக்கினார். முதலாளி அவருக்கு இரண்டாவது காபியும் வரவழைத்தார். எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

“நீங்க சொல்றது நெம்ப சரிங்க. ஒரு பத்து வருசத்துல தேஞ்சு போச்சுன்னா, காயலாங்கடையில என்ன வெலைக்குங்க எடுத்துக்குவாங்க?”

சனிக்கிழமை

அடுத்து வந்தவர் பெங்களூர்க்காரர். விலை பாதிதான். செய்து காட்டுவதற்கென்று அவர் கொண்டுவந்த மாதிரித் திட்டத்தில் யாரோ குளிர் நாட்டில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ‘பனி அள்ளுதல் - மூன்று நாள்’ என்று முதல் வரியிலேயே இருந்தது. சூலூரில் அதற்கு அவசியம் வராது என்று சொன்னதும் அதை அழித்துவிட்டு, நம் தேதியைப் போட்டுக் காட்டினார். திரையில் வாரத்துக்கு இரண்டு கட்டம் சாம்பல் நிறமாக வந்தது. அது என்னவென்று முதலாளி கேட்க, சனியும் ஞாயிறும் லீவு என்றார். தீபாவளி கேட்டோம், இல்லை. பொங்கல் கேட்டோம், அதுவும் இல்லை.

மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி ஒவ்வொரு சனிக்கிழமையாக வெள்ளையாக்க ஆரம்பித்தார். மார்கழி வரைக்கும் வந்திருப்பார், கரண்ட் போய்விட்டது. அன்று புதன்கிழமை, எங்கள் பக்கத்துக்கு மின்சார விடுமுறை. அதைச் சொல்ல எனக்கு மறந்துபோயிருந்தது. மனிதர் இருட்டுத் திரையைப் பார்த்தபடி சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். கரண்ட் வந்தபோது எல்லாச் சனிக்கிழமையும் மறுபடி லீவுக்குப் போயிருந்தன. முதலாளி அவரை வாசல் வரை கொண்டுவிட்டுச் சொன்னார்:

“வாரத்துல ரெண்டு நாள் லீவு மோல்டருங்களுக்கே நான் குடுக்கறதில்லீங்க. புதுசா வர்றவங்களுக்குக் குடுத்தா, அவிகெல்லாம் என்னை என்னன்னுங்க கேப்பாங்க?”

முகூர்த்தத்துக்கு இன்னும் நூற்று நாற்பது நாள்

கடைசியில் கட்டுப்படியானது முரளியின் சாஃப்ட்வேர். முரளி பீளமேட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுப்பவர். தானே எழுதியது, ஒரே பிளாப்பி, பெங்களூர்க்காரர் சொன்னதில் பத்தில் ஒரு பங்கு விலை. எங்களிடம் இருந்த பழைய கம்ப்யூட்டரிலேயே பச்சை எழுத்தில் ஓடியது. புதன்கிழமையை லீவாக வைத்துக்கொள்ளலாம். திரைக்கு மேலே மட்டும் ‘முகூர்த்தத்துக்கு இன்னும் 140 நாள்’ என்று ஆங்கில எழுத்தில் ஒரு வரி வந்தது. அது என்னவென்று கேட்டபோது முரளி நெளிந்தார். அந்த சாஃப்ட்வேரை அவர் முதலில் எழுதியது தன் தங்கை கல்யாணத்துக்காகவாம். முகூர்த்தம் என்பதை ‘வேலை முடியும் நாள்’ என்று நாமாக நினைத்துக்கொள்ள வேண்டுமாம். அந்த வரியை எடுத்தால் மொத்தமும் நின்றுவிடும் என்றார்.

நானும் அப்படியே நினைத்துக்கொண்டு வேலைகளை ஒவ்வொன்றாக ஏற்றினேன். நாற்பத்தோராவது வேலையை அடித்ததும் கம்ப்யூட்டர் கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிட்டது. முரளிக்குப் போன் செய்தேன். நாற்பதுக்கு மேல் ஏற்காது, தங்கை கல்யாணத்துக்கு முப்பத்தெட்டு வேலைதான் இருந்தது என்று வருத்தத்தோடு சொன்னார். என் பட்டியலில் எழுபத்து மூன்று இருந்தன. இரண்டு நாள் உட்கார்ந்து ஒன்றோடு ஒன்றைச் சேர்த்தேன். ஜன்னலும் கம்பியும் ஒரே வேலை. முன் சுவர், முன் கதவு இரண்டையும் சேர்த்து ‘முன்பக்கம்’ என்று போட்டேன். எப்படிப் பார்த்தாலும் ஒன்று மிஞ்சியது: லாரி போக வழி விடச் சொல்லிப் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் பேசுவது. தயங்கித் தயங்கி முதலாளியிடம் போய் நின்றேன். பட்டியலை வாங்கி அந்த வரியைப் பேனாவால் அடித்தார்.

“நாப்பத்தோராவது வேலையை நான் பாத்துக்கறனுங்க. பாவம், முரளி சார் தங்கச்சிக்குச் செஞ்சது, அதைப் போட்டு இழுக்க வேண்டாம்.”

எட்டு நாள்

எந்த வேலைக்கு எத்தனை நாள் என்று எழுதினால்தான் கணக்கு வரும். அதைக் கேட்க, கட்டட மேஸ்திரி பொன்னுசாமியைத் தேடி சூலூருக்குப் போனேன். துடியலூரில் இருந்து இரண்டு பஸ். பொன்னுசாமிக்கு அறுபது வயது இருக்கும். பேசுவதற்கு முன்னால் தோள் துண்டை ஒரு தடவை உதறிப் போடுவார். அஸ்திவாரத்துக்கு எத்தனை நாள் என்றேன். எட்டு நாள் என்றார். சுவருக்கு எட்டு நாள். தரைக்கு எட்டு நாள். தண்ணீர்த் தொட்டிக்கும் எட்டு நாள். எனக்குச் சந்தேகம் வந்து, வாசலில் பெயர்ப் பலகை மாட்டுவதற்கு என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அதற்கும் எட்டு நாள் என்றார்.

திரும்பி வந்து எல்லாவற்றுக்கும் எட்டு போட்டேன். ஷெட் ஆனி மாதம் முடியும் என்று வந்தது. அதற்கு மேலே, முகூர்த்தம் தவறிவிட்டது என்ற வரி பச்சையாக மின்னி மின்னி மறைந்தது. மறுநாள் மறுபடியும் இரண்டு பஸ் பிடித்துப் போய், ஏன் எல்லாமே எட்டு என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, விவரம் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதைப் போலச் சொன்னார்:

“அஞ்சுன்னா அவசரத்துல கட்டறான்பாங்க அம்மணி. பத்துன்னா சோம்பேறிம்பாங்க. எட்டுன்னா இத்தனை வருசத்துல ஒருத்தருமே என்னை ஏன்னு கேட்டதில்லீங்க, நீங்கதானுங்க மொதல்ல.”

மண்டபம் பார்க்க வந்தவர்கள்

தை மாதம் ஒரு நாள், உலையில் இருந்து உருகிய இரும்பை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில், பட்டு வேட்டியில் ஒருவரும் அவர் மனைவியும் துடியலூர் ஷெட்டுக்குள் வந்து நின்றார்கள். மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரம் செய்பவர்கள். வைகாசியில் மகளுக்குக் கல்யாணம். எங்கள் இடத்துக்காரர் மண்டபத்துக்கு முன்பணம் வாங்கிவிட்டார், மண்டபத்தைப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். நாங்கள் இன்னும் காலி செய்யவில்லை என்பதைத்தான் சொல்லவில்லை. என் கையில் பேப்பரும் பென்சிலும் இருந்ததால் நான்தான் மண்டப மேனேஜர் என்று நினைத்துவிட்டார்கள்.

மணமேடை எங்கே வரும் என்று அந்த அம்மா கேட்டார். நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இரண்டு மாதத்துக்கு மேலாக எது எங்கே வரும் என்று யார் கேட்டாலும் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிப்போயிருந்தது. மணல் குவியல் இருந்த இடத்தைக் காட்டினேன். பெண் அறை எது என்று கேட்டார். என் ஸ்டோர் ரூமைக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, இந்த எண்ணெய் வாடை போய்விடுமா என்றார். வாசலில் வாழை மரம் கட்ட இடம் போதுமா என்று அவர் கணவர் கேட்டபோது, டேப்பை எடுத்து அளந்தே கொடுத்தேன். அதற்கப்புறம்தான் எனக்கே உறைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சத்தம் போட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. முகம் வெளுத்துப்போய், நாங்கள் எப்போதுதான் காலி செய்வோம் என்று கேட்டார். கம்ப்யூட்டர் முன்னால் கூட்டிக்கொண்டு போனேன். முகூர்த்தத்துக்கு இன்னும் 74 நாள் என்று காட்டியது. அந்த வரியைப் படித்ததும் அவருக்கு உயிர் வந்துவிட்டது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். வைகாசிக்கு முன்னாலேயே வருகிறது. கிளம்பும்போது கையெடுத்துக் கும்பிட்டார்.

“பத்திரிகை அடிக்கக் குடுத்துட்டமுங்க அம்மணி. கம்ப்யூட்டர்ல இருக்கற முகூர்த்தத்தை மட்டும் எந்தக் காரணத்துக்கும் மாத்திப்போடாதீங்க.”

சுவரில் மாட்டிய திட்டம்

அந்தக் கும்பிடு என்னை வேலை வாங்கிவிட்டது. கண்ணெதிரில் தேதி தெரிந்தால்தான் வேலை நடக்கும் என்று, திட்டம் முழுவதையும் அச்செடுத்தேன். பிரிண்டர் இரண்டு மணி நேரம் கத்திப் பத்தொன்பது தாள் கொடுத்தது. மைதாப் பசையில் ஒட்டி, பாய் மாதிரி சுருட்டி, இரண்டு பஸ்ஸிலும் லக்கேஜ் டிக்கெட் வாங்கி, சூலூரில் கொண்டுபோய் ஷெட்டின் மேற்குச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். முதலாளி வந்து பார்த்தார். சந்தோஷப்பட்டு நாலு மூலைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

அதற்குப் பிறகு எல்லா வேலையும் நகர்ந்தது, ஒன்றைத் தவிர. மேற்குச் சுவர் பூச்சு முடியவேயில்லை. அதனால் அந்தப் பக்கத்து வயரிங் நின்றது. வயரிங் நின்றதால் மோட்டார் நின்றது. மூன்று தடவை தேதியைத் தள்ளிப் போட்டேன். மூன்று தடவையும் முரளியின் சாஃப்ட்வேர் கீச்சென்று திட்டியது. நேரில் போய்ப் பார்த்தால், மற்ற மூன்று சுவரும் கண்ணாடி மாதிரி பூசியிருந்தது. மேற்குச் சுவர் மட்டும் செங்கல்லாக நின்றது, அதில் என் பத்தொன்பது தாளும் தொங்கின. சித்தாள்கள் அதன் பக்கத்தில் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார்கள். பொன்னுசாமியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“மொதலாளி பொட்டு வெச்ச காயிதமுங்க, நாங்களா எப்படீங்க கை வெக்கறது? அதைக் கழட்டறதுக்குன்னு ஒரு நாளு அதுலயே போட்டிருக்கீங்களான்னு ஆள விட்டுப் படிக்கச் சொன்னனுங்க. போடலீங்க.”

பதினொன்றரை அடி

பங்குனி முடியப் பன்னிரண்டு நாள் இருந்தபோது, பெல்காமில் இருந்து புது உலை லாரியில் வந்து இறங்கியது. கதவும் கூரையும் செய்து கொடுத்த காதர் பாய்தான் இறக்குவதற்கு நின்றார். உக்கடத்துக்காரர், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். லாரியைச் சுற்றி வந்து டேப்பைப் பிடித்தார், பிறகு வாசலில் பிடித்தார், பிறகு என்னைப் பார்த்தார். உலை அதன் சட்டத்தோடு சேர்த்துப் பதினொன்றரை அடி அகலம். வாசல் பத்தடி. சட்டத்தை வெட்டினால் உலைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று செய்து கொடுத்தவர்கள் எழுதியே அனுப்பியிருந்தார்கள்.

தப்பு என்னுடையது. உலை உள்ளே போன பிறகுதான் முன் சுவரை முழுதாக எழுப்ப வேண்டும் என்று என் முதல் பட்டியலில் இருந்தது. எழுபத்து மூன்றை நாற்பதாக்கியபோது, சுவரையும் கதவையும் ‘முன்பக்கம்’ என்று சேர்த்தேன் அல்லவா, அப்போது அந்த வரிசை போய்விட்டது. முதலாளியிடம் அப்படியே சொன்னேன். வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் துடியலூருக்குப் போன் போட்டு, மோல்டர்கள் அத்தனை பேரையும் கடப்பாரையோடு வரச் சொன்னார். முப்பத்தாறு பேரும் வந்து இறங்கினார்கள். அவர்கள் பிழைப்புக்கும் அந்தச் சுவர்தான் குறுக்கே நின்றது. இரண்டு மணி நேரத்தில் வாசலின் ஒரு பக்கம் பதினாலடிக்குத் திறந்துவிட்டது, உலை உருளையில் ஏறி உள்ளே போய்விட்டது. தான் கட்டிய சுவர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற பொன்னுசாமியிடம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் வருத்தம் வேறு விதமாக இருந்தது.

“கட்டறதுக்கு எத்தனை நாளுன்னு கேட்டீங்க, சொன்னனுங்க. இடிக்கறதுக்கு எத்தனை நாளுன்னும் அன்னிக்கே கேட்டிருந்தா, சேத்தே சொல்லியிருப்பனுங்க அம்மணி.”

கூரை எப்போது வந்தது

பங்குனி முடிய இரண்டு நாள் இருக்கும்போது சூலூர் உலையில் முதல் இரும்பு இறங்கியது. துடியலூர் சாவியை இடத்துக்காரரிடம் கொடுத்தோம். மேட்டுப்பாளையத்தில் இருந்து எனக்குத் தனியாகப் பத்திரிகை வந்தது. வைகாசியில் நான் மணல் குவியல் காட்டிய இடத்திலேயே மணமேடை போட்டிருந்தார்கள். காலி செய்யும் அவசரத்தில் கம்ப்யூட்டரைச் சாக்கில் சுற்றி ஏதோ மூலையில் வைத்ததோடு சரி, கடைசி ஒன்றரை மாதம் நான் அதைத் தொடவே இல்லை.

கல்யாணத்துக்கு முன்னால், சித்திரையில், எங்களிடம் வார்ப்படம் வாங்கும் பம்பு கம்பெனியில் இருந்து ஒரு ஆய்வாளர் வந்தார். புது ஷெட்டைப் பார்த்து அவர் எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த ஆர்டர். சுற்றிலும் மோல்டர்கள் வேலை செய்ய, உலைக்கு எதிரில் வேர்த்து வடிந்துகொண்டு நின்று, திட்டத்தின் கடைசி நிலவர அறிக்கை வேண்டும் என்றார். சாக்கைப் பிரித்துக் கம்ப்யூட்டரைப் போட்டேன். அதன்படி நூற்றில் அறுபத்தைந்து பங்குதான் முடிந்திருந்தது. கூரையே இல்லை. அண்ணாந்து பாருங்கள் சார் என்றேன். பார்த்தார். அறிக்கையையும் பார்த்தார். கூரை போடாத ஷெட்டுக்குக் கையெழுத்துப் போட்டால் நாளைக்குத் தன்னைக் கேட்பார்கள் என்றார். சரியென்று அவர் பக்கத்தில் நிற்க, உட்கார்ந்து ஒவ்வொன்றாக முடித்தேன். கூரையை அரை நிமிஷத்தில் போட்டேன். தரை, வயரிங், மோட்டார், பெயர்ப் பலகை. முன்பக்கத்தைக் கடைசியாக முடித்ததும் நூற்றுக்கு நூறு வந்தது, முகூர்த்தம் இனிதே முடிந்தது என்றும் ஒரு வரி வந்தது. அதையும் சேர்த்து அச்செடுத்துக் கொடுத்தேன். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

“இதைத்தான் மேடம் எதிர்பார்த்தேன். காலையில நான் உள்ள வரும்போது இது வெறும் மொட்டை ஷெட்டு.”

அதற்கப்புறம் பிளானிங் இஞ்சினியர் என்ற பெயரில் இன்னும் ஒன்பது ஷெட் கட்டி முடித்துவிட்டேன், அதில் ஒன்றுகூட நான் போட்ட திட்டத்தைப் படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.